பி.எஸ்.எம். தேர்வு: நோய்கள் மனப்பாடம், கணக்கு கேட்டால் தடுமாற்றம். எப்படிப் படிப்பது?

கோட்டையூர் மாணவி:

வணக்கம். எம்.பி.பி.எஸ். ஃபைனல் இயர் பார்ட் ஒன் பி.எஸ்.எம். (நோய்த்தடுப்பு, சமூக மருத்துவம்) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தாள், பிறகு பிராக்டிகல், வைவா. டெங்கு, தட்டம்மை, காசநோய், ரேபிஸ், சர்க்கரை நோய் என்று ஒவ்வொன்றாக எடுத்து, கிருமி, பரவும் வழி, நோயரும்பும் காலம், தடுப்பு என்ற வரிசையில் நோட்ஸ் போட்டிருக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் சொல்ல முடிகிறது. கணக்காகவோ, ஒரு வீட்டுச் சூழ்நிலையாகவோ கேட்டால் கை நின்றுவிடுகிறது.

முக்கியமாக மூன்று இடத்தில் சிக்கல். கொசுக் குறியீடுகளில், நூறு வீட்டில் நாற்பது பூட்டிக் கிடந்தால் (நம்ம செட்டிநாட்டுப் பக்கம் அதுதானே நிலைமை) எதை எதால் வகுப்பது? கிணற்றுக்குக் குளோரின் போடும் படிகள் தெரியும், 'ஏன்' என்று கேட்டால் தெரியாது. நாய்க்கடித் தடுப்பூசியில் நாள்கள் குழம்புகின்றன. படிப்புக்காகத் தத்தெடுத்துக் கவனிக்கும் குடும்பத்தை வைத்து கேஸ் சொல்லும்போது எங்கே மடக்குவார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. நீட் பி.ஜி.க்கும் இதே பாடம் வேண்டும், அதனால் சுருக்க வழி வேண்டாம், விளங்கினால் போதும்.

சாக்கோட்டை:

தங்கச்சி, நோய்வாரியாகப் படிப்பதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது நோயில் இல்லை, கோட்டுக்குக் கீழே எழுதும் எண்ணில், அதாவது எதால் வகுக்கிறோமோ அதில். யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம், எந்த நாளைத் தொடக்கமாக வைத்தோம் என்பது நோய்க்கு நோய் மாறும். உங்கள் நோட்ஸில் ஒவ்வொரு நோயின் கடைசியிலும் இதற்கென்று நாலு வரி ஒதுக்குங்கள்.

கொசுவையே எடுப்போம். பட்டியலில் 100 வீடு, 40 பூட்டு, 60 வீட்டுக்குள் போய்ப் பார்த்தாயிற்று. தண்ணீர் நின்ற அண்டா, தொட்டி, ஆட்டுக்கல், பழைய டயர் எல்லாம் சேர்த்து 180. அதில் 18-ல் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவோ கூட்டுப்புழுவோ இருந்தது. அந்த 18-ம் 9 வீடுகளில் இருந்தன.

வீட்டுக் குறியீடு: 9-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், 15 சதவீதம். பாதிப் பேர் 9 சதவீதம் என்று எழுதுவார்கள். பூட்டிய வீட்டை நீங்கள் பார்க்கவே இல்லை, அதைப் 'புழு இல்லாத வீடு' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

கலன் குறியீடு: 18-ஐ 180-ஆல் வகுத்தால் 10 சதவீதம். கீழே வருவது தண்ணீர் இருந்த கலன்கள் மட்டும். காய்ந்து கிடந்த உரலைச் சேர்த்தால் குறியீடு பொய்யாகக் குறையும்.

பிரெட்டோ குறியீடு: 18-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 30. இதற்குச் சதவீதக் குறி போடாதீர்கள். நூறு வீட்டுக்கு இத்தனை புழுக்கலன் என்று பொருள். ஒரே வீட்டில் நாலைந்து கலனில் புழு இருந்தால் இந்த எண் நூறையும் தாண்டும். வீடு, கலன் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதால்தான் மூன்றில் இதற்கு மதிப்பு அதிகம்.

வீட்டுக் குறியீடு 5-க்கு மேல், பிரெட்டோ 20-க்கு மேல் என்றால் டெங்கு பரவ இடமுள்ள பகுதி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மேலே உள்ள ஊர் இரண்டையும் தாண்டிவிட்டது.

நல்ல எக்ஸாமினர் இத்தோடு விடமாட்டார். 'அந்த 40 வீட்டையும் திறந்திருந்தால் குறியீடு ஏறுமா, இறங்குமா?' என்பார். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். வானம் பார்த்த முற்றம், சருகு அடைத்த மழைநீர்த் தூம்பு, மழைத் தண்ணீர் பிடிக்க வைத்து அப்படியே விட்ட அண்டா. கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறக்கிற வீட்டில் இதையெல்லாம் வாரம் ஒருமுறை கவிழ்க்க ஆள் இல்லை. ஆகவே பார்த்த 60 வீடு பார்க்காத 40-க்குப் பிரதிநிதி ஆகாது. இது தெரிவுப் பிழை (செலக்‌ஷன் பயஸ்). உண்மையான அளவு 15-க்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். என்ன செய்வீர்கள் என்றால், சாவி வைத்திருக்கிற காவல்காரர் அல்லது உறவுக்காரர் மூலம் திறப்பது, மாலையிலோ விடுமுறை நாளிலோ மறுபடி போவது, பூட்டிய வீடுகளைத் தனிப் பட்டியலாக உள்ளாட்சிக்குக் கொடுப்பது.

ஏன் வாரம் ஒருமுறை? ஏடிஸ் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் கொட்டிவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உள்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தின் அளவு கேட்டால், தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 50 சதவீத திரவமாக இருந்தால் ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 2 மில்லி என்று நீங்களே கணக்குப் போடலாம். ஊருணியை டெங்குக்குக் காரணமாக எழுதிவிடாதீர்கள். ஏடிஸுக்கு வேண்டியது வீட்டைச் சுற்றியுள்ள சிறு கலன். கிணறும் மேல்நிலைத் தொட்டியும் என்றால் நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு நினைவுக்கு வர வேண்டும்.

அடுத்தது தட்டம்மையில் இரண்டாம் நிலைத் தாக்கு வீதம், அதாவது முதல் நோயாளியிடமிருந்து தொற்றக் கூடியவர்களில் எத்தனை பேருக்குத் தொற்றியது என்பது. இதை நம்ம ஊர்ப் பெரிய வீட்டை வைத்துப் போட்டால் மறக்காது. ஒரே வளவில் (பெரிய வீட்டில்) பல புள்ளி (தனித்தனிக் குடும்பம்), மொத்தம் 15 பிள்ளைகள். 1-ஆம் தேதி ஒரு பிள்ளைக்குத் தடிப்பு. 3-ஆம் தேதி இன்னொன்றுக்கு. 12 முதல் 17-ஆம் தேதிக்குள் 6 பேருக்கு. 28, 29 தேதிகளில் 2 பேருக்கு. முன்பே தட்டம்மை வந்து எதிர்ப்பு உள்ளவர்கள் 3 பேர்.

3-ஆம் தேதிப் பிள்ளை முதல் பிள்ளையிடமிருந்து வாங்கியிருக்க முடியாது. தொற்றியதிலிருந்து தடிப்பு வர ஏறக்குறைய 14 நாள் வேண்டும். இரண்டும் வெளியே ஒரே இடத்தில் வாங்கியவை, இணை முதல் நோயாளிகள். இரண்டையும் மேலும் கீழும் எடுத்துவிடுங்கள். எதிர்ப்பு உள்ள 3 பேரையும் கீழே இருந்து எடுங்கள். மிச்சம் 10. மேலே 12 முதல் 17 வரை வந்த 6 மட்டும். வீதம் 60 சதவீதம். 28, 29 தேதிப் பிள்ளைகள் மூன்றாம் சுற்று. மேலே வரமாட்டார்கள், ஆனால் அந்த நேரத்தில் தொற்றக் கூடியவர்களாக இருந்தார்கள் என்பதால் கீழே இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் 8 என்று போட்டு 80 சதவீதம் என்கிறார்கள்.

இன்னொன்று, ஸ்கிரீனிங். உணர்திறன் (நோயுள்ளவரைப் பாசிட்டிவ் என்று பிடிப்பது) 90, குறிப்புத்தன்மை (நோயில்லாதவரை நெகட்டிவ் என்று காட்டுவது) 90 சதவீதம் உள்ள ஒரு சோதனை. ஆயிரம் பேரில் 100 பேருக்கு நோய் இருந்தால்: சரியான பாசிட்டிவ் 90, பொய்யான பாசிட்டிவ் 90. பாசிட்டிவ் வந்தவரில் பாதிப் பேருக்குத்தான் நோய். அதே சோதனையை 10 பேருக்கு மட்டும் நோயுள்ள ஆயிரம் பேருக்குச் செய்தால்: சரியானது 9, பொய்யானது 99. பாசிட்டிவ் வந்தவரில் உண்மையில் நோயுள்ளவர் 8.3 சதவீதம். சோதனை மாறவில்லை, ஊர்தான் மாறியது. கிராம முகாமில் பாசிட்டிவ் வந்ததும் மருந்து தொடங்காமல் உறுதிசெய்யும் சோதனைக்கு ஏன் அனுப்புகிறோம் என்றால் இந்தக் கணக்கை எழுதுங்கள், ஒரு பக்க வசனம் வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா:

கிணறு பற்றி நான் சொல்கிறேன். படிகளை ஏன் என்பதோடு சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

முதலில் தண்ணீரின் அளவு. கல் கட்டிய கயிற்றை விட்டு நீர் நிற்கும் ஆழத்தை எடுங்கள். கிணற்றின் ஆழம் வேறு, நீரின் ஆழம் வேறு. விட்டத்தை இரண்டு மூன்று திசையில் அளந்து சராசரி. பழைய வீட்டுக் கிணறு எதுவும் சரியான வட்டமாக இருக்காது. விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால்: 3.14 × 2 × 2 × 3, அதை 4-ஆல் வகுத்தால் 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர். ஆரத்தையும் விட்டத்தையும் குழப்பினால் விடை நாலு மடங்கு தப்பும்.

இரண்டாவது ஹாராக்ஸ் சோதனை, அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று பார்ப்பது. பெட்டியில் 200 மில்லி வெள்ளைக் கிண்ணம் ஆறு, உள்ளே வட்டக் கோடு போட்ட கறுப்புக் கிண்ணம் ஒன்று, 2 கிராம் பிடிக்கும் கரண்டி, கண்ணாடிக் குச்சிகள், பிப்பெட், ஸ்டார்ச் அயோடைடு கரைசல். கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி (தலைதட்டி) பிளீச்சிங் பவுடரைக் குழைத்து, கோடு வரை தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளிய விடுங்கள். வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்றுத் தண்ணீர். தெளிந்த கரைசலை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஆறாவதில் ஆறு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குச்சி. அரை மணி நேரம் பொறுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 3 சொட்டு ஸ்டார்ச் அயோடைடு. தெளிவாக நீலம் காட்டும் முதல் கிண்ணம் எதுவோ, 455 லிட்டருக்கு அத்தனை கரண்டி.

அரை மணி நேரம் எதற்கு? தண்ணீரில் உள்ள கரிமப் பொருளும் அம்மோனியாவும் குளோரினைத் தின்று முடிக்க. தின்றது போக மிச்சமிருக்கிற கிண்ணத்தில்தான் நீலம் வரும். அவசரப்பட்டு ஐந்தே நிமிடத்தில் பார்த்தால் முதல் கிண்ணமே நீலம் காட்டி ஏமாற்றும்.

மூன்றாவது கிண்ணம் நீலம் என்று வையுங்கள். 455 லிட்டருக்கு 6 கிராம். 9,420-ஐ 455-ஆல் வகுத்தால் 20.7, அதை 6-ஆல் பெருக்கினால் 124 கிராம்.

இங்கே ஒரு பொறி. ஒரு வாளியில் 100 கிராமுக்கு மேல் கரைக்கக் கூடாது. ஆகவே இரண்டு வாளி. முதலில் பசையாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டு, கலக்கி, ஐந்து பத்து நிமிடம் தெளிய விட்டு, மேல்தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அந்த வாளியை நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிக் கலக்க வேண்டும். மேலே நின்று ஊற்றினால் மேல்மட்டத்தோடு நின்றுவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து, மீதக் குளோரினை நிறத்தால் காட்டும் ஆர்த்தோடாலிடின் சோதனை. மீதக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும், குறைந்தால் இன்னும் போட வேண்டும். நிறத்தை 10 விநாடிக்குள் பார்த்தால் தனிக் குளோரின், 15 முதல் 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் தனிக் குளோரினும் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினும் கூடிய அளவு. போட ஏற்ற நேரம் இரவு, எல்லாரும் இறைத்து முடித்த பிறகு. காலை வரை யாரும் தொடமாட்டார்கள்.

கலங்கிய ஊருணித் தண்ணீரில் இதை அப்படியே செய்தால் பலன் பாதிதான். மண்துகளுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரின் எட்டாது. முதலில் தெளிய வைத்து வடிகட்ட வேண்டும்.

கோட்டையூர் மாணவி:

ரொம்ப நன்றி அண்ணே. 3-ஆம் தேதிப் பிள்ளை விஷயம் இப்போதுதான் பிடிபட்டது. ரஸ்தா அண்ணே, அடியில் தங்கும் வண்டலை ஏன் கிணற்றில் போடக் கூடாது? குளோரின் அதிலும் கொஞ்சம் இருக்காதா?

தேவகோட்டை ரஸ்தா:

அது சுண்ணாம்பு. குளோரின் தெளிவுக்குப் போய்விட்டது. வண்டலைப் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும், அவ்வளவுதான் பலன்.

பள்ளத்தூர் அக்கா:

நாய்க்கடியில் குழப்பம் வருவதற்குக் காரணம், எல்லாரும் அட்டவணையில் தொடங்குவது. கடியில் தொடங்கும்மா.

முதல் வகை: தொட்டது, உணவு ஊட்டியது, காயமில்லாத தோலை நக்கியது. கழுவினால் போதும், ஊசி இல்லை. இரண்டாம் வகை: மூடாத தோலை மெல்லக் கவ்வியது, ரத்தம் வராத சிராய்ப்பு. கழுவி, தடுப்பூசி. மூன்றாம் வகை: தோலைத் துளைத்த கடி, காயம்பட்ட தோலில் நக்கல், கண் வாய் போன்ற சவ்வில் எச்சில். கழுவி, தடுப்பூசி, அதோடு இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமாக உள்ள எதிர்ப்புப் புரதம்). காட்டு விலங்குக் கடி எல்லாமே மூன்றாம் வகை. நோயெதிர்ப்புக் குறைந்தவருக்கு இரண்டாம் வகையையும் மூன்றாகவே நடத்துவோம். கேள்வியில் 'ரத்தம் வரவில்லை' என்ற ஒரு சொல் இருக்கும், அதைக் கோடிட்டுக்கொண்டு மேலே போ.

கழுவுவது ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். அதன் பிறகு போவிடோன் அயோடின். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் கூடாது. எரிச்சல் மட்டும் காரணமில்லை, தேய்க்கும்போது வைரஸ் இன்னும் ஆழமாக நரம்பு முனைக்குப் போகும். தையலும் உடனே போடக் கூடாது. தவிர்க்கவே முடியாத பெரிய காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் போட்ட பிறகு தள்ளிவைத்து, தளர்வாக ஒன்றிரண்டு.

தடுப்பூசி தோலுக்குள் என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மில்லி. தசைக்குள் என்றால் 0, 3, 7, 14, 28, ஒரு முறைக்கு ஒரு ஊசி. வித்தியாசம் 14-ஆம் நாள் மட்டும்தான் என்று பிடித்துக்கொள். தசை ஊசி மேற்கையில், சின்னப் பிள்ளைக்குத் தொடையின் முன்பக்கவாட்டில். பிட்டத்தில் போட்டால் கொழுப்பில் தங்கி எதிர்ப்பு சரியாக வராது. பூஜ்ய நாள் என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் இல்லை. திங்களன்று கடித்து வியாழனன்று வந்தால் வியாழன்தான் பூஜ்யம். இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

இம்யூனோகுளோபுலின் குதிரையிலிருந்து எடுத்தது கிலோவுக்கு 40 அலகு, மனிதரிலிருந்து எடுத்தது 20. இருபது கிலோ பிள்ளைக்கு 800 அல்லது 400 அலகு. குதிரை மருந்து மில்லிக்கு 300 அலகு, மனித மருந்து 150 என்ற செறிவில் இருந்தால் இரண்டுமே 2.7 மில்லிதான் வரும். பார்த்தாயா, அளவு இரட்டிப்பு, செறிவும் இரட்டிப்பு. அதைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்த வேண்டும். பல காயம் இருந்து மருந்து போதாவிட்டால் சலைனில் நீர்த்துக்கொள்ளலாம், அளவைக் கூட்டக் கூடாது. தடுப்பூசி போட்ட இடத்திலோ அதே சிரிஞ்சிலோ கூடாது.

இது ஏன் வேண்டும்? தடுப்பூசியால் உடம்பு சொந்தமாக எதிர்ப்பு உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியை இரவல் எதிர்ப்பால் அடைக்கிறோம். அதனாலேயே முதல் தடுப்பூசிக்கு 7 நாள் கழிந்த பிறகு அதைப் போடுவதில்லை. சொந்தமாகச் சுரக்கத் தொடங்கியதை அது அமுக்கும்.

முன்பு முழுசாகப் போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 இரண்டு நாள் மட்டும், இம்யூனோகுளோபுலின் இல்லை. கழுவுவது அப்போதும் உண்டு. பத்து நாள் கவனிப்பது நாய்க்கும் பூனைக்கும் மட்டும், அதுவும் ஊசி தொடங்கிய பிறகு. 'நாயைப் பார்த்துவிட்டுப் போடலாம்' என்று எழுதினால் அந்தக் கேள்வியே போச்சு.

புதுவயல்:

மேலே எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் பழைய நோட்ஸ் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். சீனியர் கொடுத்த ஜெராக்ஸ் கட்டு இந்தப் பாடத்தில் ஆபத்து. உடற்கூறு மாறாது, தேசியத் திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

காசநோய்: வாரம் மூன்று நாள் மாத்திரை, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு இரண்டாம் பிரிவு என்று இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். இப்போது தினசரி. இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால். அடுத்த நாலு மாதம் பைரசினமைடு இல்லாமல் மற்ற மூன்றும். தொடர் கட்டத்தில் இரண்டே மருந்து என்பதும் பழசு. கூட்டு மாத்திரை எண்ணிக்கை எடைப்படி: 25 முதல் 34 கிலோவுக்கு 2, 35 முதல் 49-க்கு 3, 50 முதல் 64-க்கு 4, 65 முதல் 75-க்கு 5. சிகிச்சையின் நடுவே எடை ஏறி அடுத்த வரம்புக்குப் போனால் என்ன என்றும் கேட்பார்கள். எண்ணிக்கையை மாற்ற வேண்டும். திட்டத்தின் பெயர் 2020-லிருந்து தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம், 'திருத்திய கட்டுப்பாடு' இல்லை. ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000. தமிழ்நாட்டுக்கென்று 2022-ல் வந்த காசநோய் இறப்பில்லா திட்டத்தைச் சொல்லத் தெரிந்தால் வைவாவில் மதிப்பு கூடும். மருந்து தொடங்கும்போதே எடைக் குறைவு, மூச்சு, ஆக்சிஜன், ஆள் தானாக நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவரை உடனே உள்நோயாளியாகச் சேர்ப்பதுதான் அதன் சாரம்.

தடுப்பூசி அட்டவணை: தோலுக்குள் போடும் போலியோ ஊசி 6, 14 வாரம் என்று இரண்டோடு நிற்கும் நோட்ஸ் பழையது. 2023-லிருந்து 9-ஆம் மாதத்தில் மூன்றாவது உண்டு. டெட்டனஸுக்கு மட்டுமான டி.டி. (TT) போய் டெட்டனஸோடு டிஃப்தீரியாவும் சேர்ந்த டி.டி. (Td) வந்துவிட்டது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாகத் தெரியும் என்பதால் விடைத்தாளில் விரித்து எழுதுங்கள். வைட்டமின் ஏ 9-ஆம் மாதம் 1 லட்சம் அலகு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், ஐந்து வயது வரை மொத்தம் 9 தவணை, 17 லட்சம்.

குளிர்ச்சங்கிலியில் (தடுப்பூசியைக் குளிரிலேயே வைத்துக் கொண்டுபோவதில்) எல்லாரும் சூட்டைப் பற்றியே பேசுவார்கள். உறைந்தாலும் கெடும். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, நியுமோகாக்கல் எல்லாம் உறையக் கூடாதவை. சந்தேகம் வந்தால் குப்பியைக் குலுக்கி வண்டல் படிவதைப் பார்க்கும் குலுக்குச் சோதனை. ஆனால் அது அலுமினியம் சேர்ந்த ஊசிக்குத்தான் செல்லும். போலியோ ஊசியில் அலுமினியம் இல்லை, அதைக் குலுக்கி ஒன்றும் தெரியாது. குப்பியின் நிறம் மாறும் அடையாளமோ சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

தடுப்பு நிலைகள் (நோய் வருமுன் தடுப்பது முதல் நிலை, வந்ததைத் தொடக்கத்திலேயே பிடித்துச் சிகிச்சை தருவது இரண்டாம் நிலை) பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லும்போது யாருக்கு என்று சேர்த்தே சொல்லுங்கள். சளியில் கிருமியுள்ள காசநோயாளிக்கு மருந்து கொடுப்பது அவருக்கு இரண்டாம் நிலை, அவர் வீட்டாருக்கு முதல் நிலை. நாய் கடித்த பிறகு போடும் ஊசியை இரண்டாம் நிலை என்று எழுதுகிறார்கள். நோய் இன்னும் தொடங்கவில்லை, எனவே அது முதல் நிலை. இதய வைத்தியர்கள் மாரடைப்புக்குப் பிறகு கொடுக்கும் மருந்தை 'செகண்டரி பிரிவென்ஷன்' என்பார்கள். அது அவர்கள் வழக்கு, பி.எஸ்.எம். தாளில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவராதீர்கள்.

சர்க்கரைக்கு இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் போட்டுப் பழகுங்கள். 52 வயது ஆண், அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார், உடற்பயிற்சி கிடையாது, இடுப்பு 96 சென்டிமீட்டர், அம்மாவுக்குச் சர்க்கரை. வயதுக்கு 30, இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, பெற்றோரில் ஒருவருக்கு 10, ஆக 80. அறுபதைத் தொட்டாலே அதிக அபாயம். வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது, மிச்சம் 40-ஐத்தான் குறைக்க முடியும் என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே தடுப்பு ஆலோசனை ஆகிவிடும்.

சாக்கோட்டை:

குடும்ப கேஸ் விட்டுப்போயிற்று. இங்கேயும் கதை அதேதான்: எது ஒரு குடும்பம்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். செட்டிநாட்டில் ஒரே கூரைக்குக் கீழ் அண்ணன் தம்பி வேறு வைத்துத் தனித்தனியாகச் சமைத்தால் அது இரண்டு மூன்று குடும்பம், ஒரு வீடு. கொசுவுக்கு அந்த ஒரு வீடு, தலைக்கு வருமானத்துக்கு அந்தத் தனி அடுப்பு. தலைக்கு மாத வருமானத்தை வைத்துக் குடும்பத்தின் பொருளாதார வகுப்பைச் சொல்லும் பி.ஜி. பிரசாத் அளவையில் அடுப்பு மாறினால் வகுப்பே மாறிவிடும். விலைக் குறியீட்டை வைத்து வரம்புகளைத் திருத்துவதால், தேர்வு நேரத்து வரம்பைத்தான் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்தை வருமானத்தில் சேருங்கள், மகனைத் தலைக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

நெரிசல் கணக்கு: முப்பது அறை உள்ள மாளிகையில் காவல்காரர் குடும்பம் இரண்டு அறையில் இருக்கிறது. கணக்கு அந்த இரண்டு அறைக்குத்தான். பெரியவர் 3, ஏழு வயதுப் பிள்ளை, நாலு வயதுப் பிள்ளை, எட்டு மாதக் குழந்தை. ஒரு வயதுக்குள் கணக்கில்லை, ஒன்று முதல் பத்து வரை அரை. மொத்தம் 4 அலகு. இரண்டு அறைக்கு 3 பேர்தான் அனுமதி. மாளிகைக்குள் நெரிசல்! இதை நிதானமாகச் சொன்னால் எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்தப் பக்கத்துத் தொழில் நோய் என்ன என்றும் கேட்பார்கள். ஆத்தங்குடி டைல் வேலை செய்பவர் குடும்பம் என்றால் ஈர சிமென்ட்: காரத்தால் தோல் அரிப்பு, அதிலுள்ள குரோமியத்தால் ஒவ்வாமைத் தோலழற்சி. கையுறையை முதலில் சொல்லாதீர்கள், அது கடைசிப் படி. பொருளை மாற்றுவது, வேலை முறையை மாற்றுவது, கை கழுவ வசதி, பிறகுதான் கையுறை. அரிசி ஆலை என்றால் தூசியும் சத்தமும். சத்தத்துக்கு நம் தொழிற்சாலை விதி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல்.

கோட்டையூர் மாணவி:

ஒரு கணக்கு நானே போட்டுப் பார்த்தேன், சரியா? சதுரக் கிணறு, பக்கம் ஒன்றரை மீட்டர், நீர் 4 மீட்டர். 9 கன மீட்டர், 9,000 லிட்டர். இரண்டாவது கிண்ணம் நீலம், 455 லிட்டருக்கு 4 கிராம். 79 கிராம், ஒரே வாளி. பிளீச்சிங் பவுடர் பழசாக இருந்தால் கூடப் போட வேண்டுமா?

தேவகோட்டை ரஸ்தா:

79 சரி, ஒரே வாளிதான். பழசுக்காகத் தனியாகக் கூட்ட வேண்டாம். எந்தப் பவுடரைக் கிணற்றில் போடப் போகிறீர்களோ அதே பவுடரை வைத்துத்தான் ஹாராக்ஸ் சோதனையும் செய்திருப்பீர்கள். வீரியம் குறைந்திருந்தால் இரண்டாவதற்குப் பதில் நாலாவது கிண்ணம் நீலம் காட்டியிருக்கும், குறைவு கணக்குக்குள்ளேயே வந்துவிடும். சோதனைக்கு ஒரு பை, கிணற்றுக்கு வேறு பை என்று எடுத்தால் கணக்கு செல்லாது, சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.